பிறந்த குழந்தை சிறியதா? பச்சிளங்குழந்தையின் உடல் அளவுகளும் அவற்றை ஒப்பிடும் தரநிலைகளும்

பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் பதிவேட்டில் மூன்று எண்கள் எழுதப்படுகின்றன: எடை, உச்சி முதல் குதிகால் வரையிலான நீளம், தலைச்சுற்றளவு. ஒரு குழந்தைக்கு அவை 2,450 கிராம், 47 செ.மீ., 33 செ.மீ. என்று இருப்பதாகக் கொள்வோம். இந்தக் குழந்தை சிறியதா, சரியான அளவுடையதா என்பதை இந்த எண்களைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. கருவில் எத்தனை வாரம் வளர்ந்தது, ஆணா பெண்ணா, எந்தக் குழந்தைகளோடு ஒப்பிடுகிறோம் என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும். முதல் இரண்டையும் பெற்றோரிடமும் மருத்துவக் குறிப்பேட்டிலும் கேட்டறியலாம். மூன்றாவது கேள்விக்கு மட்டும் அவ்வளவு எளிதாக விடை கிடைப்பதில்லை. உலகின் எல்லா மக்களுக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா, ஒவ்வொரு மக்கள் குழுவுக்கும் தனித்தனி அளவுகோல் வேண்டுமா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. அந்த விவாதத்தைப் புரிந்துகொள்வதற்குத் தேவையான அடிப்படைகளை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

2,500 கிராம் என்ற கோடு

பலரும் அறிந்த எல்லைக்கோடு 2,500 கிராம். இதற்குக் குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தையை, எத்தனை வாரத்தில் பிறந்திருந்தாலும், குறைந்த பிறப்பு எடையுள்ள குழந்தை என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. 1,500 கிராமுக்குக் கீழே மிகக் குறைந்த எடை. 1,000 கிராமுக்குக் கீழே மிக மிகக் குறைந்த எடை. 2020-ஆம் ஆண்டில் உலகில் பிறந்த குழந்தைகளில் 14.7 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 1 கோடியே 98 லட்சம் குழந்தைகள், 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தனர் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் சேர்ந்து மதிப்பிட்டுள்ளன.

இந்த எண்ணை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைத்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆர்வோ இல்ப்போ. குறைமாதத்தில் பிறந்த குழந்தையை அடையாளம் காண்பதற்கான கோடாகவே அது அப்போது பயன்பட்டது. கர்ப்ப வாரத்தை உறுதியாகக் கணக்கிட ஸ்கேன் இல்லாத காலத்தில், எடை சிறிதென்றால் மாதமும் குறைவாகத்தான் இருக்கும் என்று கொள்வதைத் தவிர வேறு வழியும் பெரிதாக இருக்கவில்லை. ஆனால் 2,500 கிராமுக்குக் கீழே உள்ள குழந்தைகளில் பலர் நிறைமாதத்தில் பிறந்தவர்கள் என்பதும், குறைமாதத்தில் பிறந்தவர்களில் பலர் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதும் போகப்போகத் தெளிவாகின. ஆகவே 1961-இல் உலக சுகாதார நிறுவனம் எடையையும் மாதத்தையும் பிரித்துவிட்டது; 2,500 கிராம் என்பது எடையை மட்டும் குறிக்கும் கோடாகியது.

இந்தப் பிரிப்பு ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். 34-ஆம் வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை 2,200 கிராம் இருந்தால், அது அந்த வாரத்தில் பிறக்கும் குழந்தைகளின் நடுப்பகுதியை ஒட்டியே இருக்கிறது. கருவில் அது நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது, வெளியே வந்ததுதான் முந்திவிட்டது. 40-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தை அதே 2,200 கிராம் இருந்தால், கருவில் வளர்ச்சி தடைப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. முதல் குழந்தைக்கு நுரையீரல் முதிர்ச்சி, பால் உறிஞ்சி விழுங்கும் திறன் ஆகியவை முதன்மையான கவலைகள். இரண்டாவது குழந்தைக்கு நஞ்சுக்கொடி போதிய ஊட்டம் தந்ததா, தொற்று ஏதும் இருந்ததா, இரத்தச் சர்க்கரை குறைகிறதா என்று பார்க்க வேண்டும். தராசு காட்டிய எண் ஒன்றாக இருந்தும் அதைத் தொடர்ந்து செய்ய வேண்டியவை வேறாகின்றன.

வாரத்துக்கு வாரம் எடை எவ்வளவு இருக்கும் என்பதைக் கோடுகளாக வரைந்து காட்டியவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் டென்வர் நகரில் பணியாற்றிய மருத்துவர் லூலா லப்சென்கோ. அவருடைய வரைபடம் 1963-இல் வெளிவந்தது. 1967-இல் பட்டாக்லியா என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட வகைப்பாட்டில்தான் வாரத்துக்குச் சிறியது, வாரத்துக்கு ஏற்றது, வாரத்துக்குப் பெரியது என்ற மூன்று பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. 10-ஆம் நூற்றுமானத்துக்குக் கீழே இருந்தால் சிறியது, 90-ஆம் நூற்றுமானத்துக்கு மேலே இருந்தால் பெரியது.

நூற்றுமானம் என்பது வரிசையில் ஓர் இடத்தைக் குறிக்கிறது. ஒரே வாரத்தில் பிறந்த ஒரே பாலினக் குழந்தைகள் நூறு பேரை எடைப்படி வரிசைப்படுத்தினால், 10-ஆம் நூற்றுமானத்தில் உள்ள குழந்தைக்குக் கீழே ஏறத்தாழ பத்துப் பேர் இருப்பார்கள். இதில் தொடக்க நிலையில் பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. நூறு பேரும் முழு நலத்துடன் இருந்தாலும் பத்துப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். எனவே வாரத்துக்குச் சிறியது என்பது நோயின் பெயர் அன்று. கூடுதல் கவனத்துடன் பார்க்கச் சொல்லும் அறிவிப்பு மட்டுமே. இதே செய்தியை, இடைநிலை அளவிலிருந்து (வரிசையின் நடுவில் நிற்கும் குழந்தையின் அளவு) எத்தனை திட்டவிலக்கம் (அளவுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு) தள்ளி இருக்கிறது என்றும் சொல்லலாம்; அதை இசட் மதிப்பு என்கிறார்கள். கழித்தல் 2 திட்டவிலக்கத்துக்குக் கீழே, நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்றுக் கூடுதலானவர்களே வருவார்கள்.

இருப்பதைக் காட்டும் வரைபடமும் இருக்க வேண்டியதைக் காட்டும் வரைபடமும்

லப்சென்கோவின் வரைபடம் 1948 முதல் 1961 வரை டென்வரில் ஒரே மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் எடைகளைக் கொண்டு வரையப்பட்டது. டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம். உயரம் கூடக்கூடக் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதால் அங்கே பிறக்கும் குழந்தைகளின் எடையும் குறைகிறது. கொலராடோவில் செய்த ஆய்வுகள் 1,000 மீட்டருக்குச் சுமார் 100 கிராம் குறைவதாகக் காட்டின. ஆக, அந்த வரைபடத்தைக் கடலோர நகரம் ஒன்றில் பயன்படுத்தும்போது கோடுகள் சற்றுத் தாழ்ந்திருக்கின்றன. அங்கே உண்மையில் சிறிதாகப் பிறந்த குழந்தைகூட இந்த வரைபடத்தில் சரியான அளவுடையதாகத் தெரியக்கூடும்.

ஓர் இடத்தில், ஒரு காலத்தில் பிறந்த குழந்தைகள் எப்படி இருந்தார்கள் என்பதை உள்ளபடி பதிவு செய்யும் வரைபடத்தை ஒப்பீட்டு வரைபடம் எனலாம். அந்தக் குழந்தைகளின் தாய்மார்களில் புகைபிடித்தவர்கள் இருப்பார்கள், இரத்தசோகை உள்ளவர்கள் இருப்பார்கள், மலேரியாவால் நஞ்சுக்கொடி பாதிக்கப்பட்டவர்களும் இருப்பார்கள். அத்தனை பேரின் குழந்தைகளும் கலந்தே சராசரி உருவாகிறது. ஊட்டச்சத்துக் குறைவு மிகுந்த ஒரு பகுதியில் இப்படி வரைந்தால் வரைபடமே தாழ்ந்து, குறைபாடுதான் இயல்பு என்று தோன்றிவிடும். தரநிலை வரைபடம் வேறு வகை. வளர்ச்சிக்குத் தடையாக அறியப்பட்ட காரணங்கள் இல்லாத தாய்மார்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, அவர்களுடைய குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்த்து, ஒரு குழந்தை இப்படி வளர வேண்டும் என்று அது சொல்கிறது. கையில் உள்ள வரைபடம் இவ்விரண்டில் எது என்று தெரியாமல் அதில் குழந்தையின் புள்ளியை வைப்பதால் பயன் குறைவு. இந்தத் துறையைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய வேறுபாடு இதுவே என்பது என் கருத்து.

தரநிலை என்ற எண்ணத்தை உலக அளவில் நடைமுறைப்படுத்தியது உலக சுகாதார நிறுவனம். 1997 முதல் 2003 வரை பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, இந்தியாவின் தில்லி, நார்வேயின் ஆஸ்லோ, ஓமானின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ் ஆகிய ஆறு நகரங்களில் ஏறத்தாழ 8,500 குழந்தைகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். தாய் புகைபிடிக்காதவராக இருக்க வேண்டும், குழந்தை தாய்ப்பால் குடிக்க வேண்டும், குடும்பச் சூழல் வளர்ச்சிக்குத் தடையாக இருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். 2006-இல் வெளியான அந்தத் தரநிலையின்படி, பிறப்பின்போது ஆண் குழந்தையின் இடைநிலை எடை 3.3 கிலோ, நீளம் 49.9 செ.மீ., தலைச்சுற்றளவு 34.5 செ.மீ.; பெண் குழந்தைக்கு முறையே 3.2 கிலோ, 49.1 செ.மீ., 33.9 செ.மீ.

அந்த ஆய்வில் எண்களைவிடப் பலரையும் வியக்க வைத்தது வேறொரு முடிவு. குழந்தைகளின் நீளத்தில் காணப்பட்ட மொத்த வேறுபாட்டில் 3 விழுக்காடு மட்டுமே நகரத்துக்கு நகரம் இருந்த வேறுபாடு. ஒரே நகரத்துக்குள் குழந்தைக்குக் குழந்தை இருந்த வேறுபாடோ 70 விழுக்காடு. அதாவது, தடையில்லாத சூழலில் வளரும் தில்லிக் குழந்தைகளும் ஆஸ்லோக் குழந்தைகளும் குழுவாகப் பார்க்கும்போது நீளத்தில் பெரிதும் ஒத்திருக்கிறார்கள்.

இந்தத் தரநிலை நிறைமாதக் குழந்தைகளுக்கானது. கர்ப்ப வாரங்களின்படி பிரித்துக் காட்டுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த இன்டர்குரோத்-21 திட்டம். பெலோட்டாஸ், இத்தாலியின் டூரின், மஸ்கட், ஆக்ஸ்ஃபோர்டு, அமெரிக்காவின் சியாட்டில், பெய்ஜிங்கின் ஷுன்யி பகுதி, இந்தியாவின் நாக்பூர், கென்யாவின் நைரோபி ஆகிய எட்டு இடங்களில், 59,137 கர்ப்பிணிகளிலிருந்து நிபந்தனைகளுக்கு உட்பட்ட 20,486 பேரின் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, 33-ஆம் வாரத்திலிருந்து 42 வாரம் வரையிலான எடை, நீளம், தலைச்சுற்றளவுத் தரநிலைகளை 2014-இல் வெளியிட்டார்கள். கருவின் உச்சி முதல் பிட்டம் வரையிலான நீளம், கருவின் தலைச்சுற்றளவு, பிறந்தபின் நீளம் ஆகியவற்றில் இடத்துக்கு இடம் இருந்த வேறுபாடு மொத்த வேறுபாட்டில் 1.9 முதல் 3.5 விழுக்காடு வரைதான் என்று இந்த ஆய்வும் கண்டது.

மறுப்புகள் எங்கிருந்து வருகின்றன?

இந்த முடிவை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மறுப்பவர்களின் வாதங்களைக் கேட்டால் கேள்வியின் முழு அளவும் புரியும்.

முதல் மறுப்பு, ஒத்திருந்தவை எலும்பு வளர்ச்சியைக் காட்டும் அளவுகளே என்பது. நீளமும் தலையும் இடத்துக்கு இடம் பெரிதாக மாறாமல் இருக்க, எடை அந்த அளவுக்கு ஒத்துப்போவதில்லை. கொழுப்பும் தசையும் தாயின் ஊட்டத்துக்கும் உடல் அமைப்புக்கும் எளிதில் வளைந்துகொடுப்பவை. இந்தியாவின் புணேயில் நடந்த ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. நிறைமாதத்தில் பிறந்த புணேக் குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, ஒப்பிடப்பட்ட இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. ஆனால் எல்லா அளவுகளும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கவில்லை. வயிற்றுச் சுற்றளவும் மேற்கைச் சுற்றளவும் மிகவும் குறைந்திருந்தன. நீளமும் தலையும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தோள்பட்டை எலும்புக்குக் கீழே அளக்கும் தோல்மடிப்பின் தடிமன், அதாவது உடற்கொழுப்பைக் காட்டும் அளவு, எல்லாவற்றிலும் குறைவாகவே பாதிக்கப்பட்டிருந்தது. எடை குறைந்த அந்தக் குழந்தைகளின் உடலில் கொழுப்பின் பங்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். எடை என்ற ஒற்றை எண் எவ்வளவு செய்தியை மறைத்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

இரண்டாவது மறுப்பு, தேர்ந்தெடுத்த முறையைப் பற்றியது. இன்டர்குரோத்-21 திட்டத்தில் 153 செ.மீ.க்குக் குறைந்த உயரமுள்ள தாய்மார்கள் தரநிலைக் குழுவில் சேர்க்கப்படவில்லை. இந்தியப் பெண்களின் சராசரி உயரமே ஏறத்தாழ 152 செ.மீ. என்னும்போது, அந்த நாட்டுத் தாய்மார்களில் பாதிப் பேருக்கு மேல் தொடக்கத்திலேயே விலக்கப்படுகிறார்கள். தாயின் உயரம் குழந்தையின் அளவைக் கட்டுப்படுத்தும் என்பது பழைய செய்தி. 1938-இல் பெரிய ஷையர் குதிரைகளையும் குட்டையான ஷெட்லாண்டு மட்டக்குதிரைகளையும் கலந்து இனப்பெருக்கம் செய்த ஆய்வாளர்கள், பெரிய தாயின் குட்டி பெரிதாகவும் சிறிய தாயின் குட்டி சிறிதாகவும் பிறந்ததைக் கண்டார்கள். பெற்றோர் இனங்கள் அதே இரண்டுதான், எது தாய் என்பது மட்டுமே மாறியது. தாயின் உயரம் அவருடைய சொந்தக் குழந்தைப் பருவ ஊட்டத்தையும் பிரதிபலிக்கிறது என்பதால், இந்த விலக்கலை நியாயம் என்று சொல்பவர்களும் உண்டு. இருப்பினும், உயரம் குறைந்த தாய்க்குப் பிறந்து நலமாக இருக்கும் குழந்தையைச் சிறியது என்று முத்திரை குத்தினால் தேவையற்ற சோதனைகளும் பெற்றோரின் அச்சமுமே மிஞ்சும் என்ற கவலையை ஒதுக்கிவிட முடியாது.

மூன்றாவதாக, வேறு முடிவைக் கண்ட ஆய்வுகளும் உள்ளன. அமெரிக்காவில் 2015-இல் வெளியான கருவளர்ச்சி ஆய்வு, நலமான தாய்மார்களை அவர்களே சொன்ன இனக்குழுப்படி நான்காகப் பிரித்துப் பார்த்தது. 39-ஆம் வாரத்தில் ஸ்கேன் மூலம் மதிப்பிட்ட கருவின் இடைநிலை எடை வெள்ளையினத் தாய்மார்களுக்கு 3,505 கிராம், ஹிஸ்பானியர்களுக்கு 3,336, ஆசியர்களுக்கு 3,270, கறுப்பினத்தவர்க்கு 3,260 என்று வந்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளில் நடத்திய கருவளர்ச்சி ஆய்வும் நாடுகளுக்கிடையே வேறுபாடு உண்டு என்றே சொன்னது. தாயின் வயது, உயரம், எடை, எத்தனையாவது பிரசவம், கருவின் பாலினம் ஆகியவற்றின் விளைவையும் அது பதிவு செய்தது. இதற்கெல்லாம் முன்னரே, 1992-இல், ஜேசன் கார்டோசி என்ற மருத்துவரின் குழு ஒவ்வொரு தாய்க்கும் அவருடைய உயரம், எடை, பிரசவ எண்ணிக்கை, இனப்பின்னணி ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து வரைபடத்தை மாற்றியமைக்கும் முறையை முன்வைத்திருந்தது.

எந்த வரைபடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது எண்ணிக்கையைப் பெரிதும் மாற்றிவிடும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரே குழந்தைகளை இரு முறைகளிலும் வகைப்படுத்தியபோது, இன்டர்குரோத்-21 தரநிலைப்படி 4.5 விழுக்காட்டினரும், தாய்க்குத் தாய் மாற்றியமைத்த முறைப்படி 11.6 விழுக்காட்டினரும் வாரத்துக்குச் சிறியவர்கள் என்று வந்தது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் அனைத்துக்குமான மதிப்பீட்டிலும் இதே கதைதான். பழைய அமெரிக்க ஒப்பீட்டு வரைபடத்தைக் கொண்டு 2010-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபோது 27 விழுக்காடு. இன்டர்குரோத்-21 தரநிலையைக் கொண்டு 2012-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபோது 19.3 விழுக்காடு. இரண்டே ஆண்டுகளில் குழந்தைகள் அவ்வளவு பெரிதாகிவிடவில்லை. மாறியது முதன்மையாக அளவுகோல்தான்.

மரபா, சூழலா?

மக்கள் குழுக்களின் சராசரிகள் வேறுபடுவது உண்மை என்றால், அந்த வேறுபாடு எவ்வளவு மரபிலிருந்து வருகிறது, எவ்வளவு சூழலிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். ஜப்பானின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. 1980-ஐ ஒட்டி ஏறத்தாழ 3.2 கிலோவாக இருந்த அந்நாட்டின் சராசரி பிறப்பு எடை, அடுத்த கால் நூற்றாண்டில் சுமார் 3 கிலோவுக்கு இறங்கியது. கர்ப்ப காலத்தில் எடை அதிகம் கூடாமல் பார்த்துக்கொள்ளும் வழக்கம், மெலிந்த இளம்பெண்கள் பெருகியது, கர்ப்ப காலம் சற்றுக் குறைந்தது எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டு மக்களின் மரபணுக்கள் அப்படி மாறிவிடுவதில்லை. 1980-இல் ஜப்பானியர்க்கு இதுதான் இயல்பு என்றும் 2005-இல் இதுதான் இயல்பு என்றும் தனித்தனியே வரைபடம் போட்டிருந்தால், இரண்டாவது வரைபடம் ஒரு சரிவை இயல்பென்று ஒப்புக்கொண்டிருக்கும்.

அதற்காக மரபுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மிக உயரமான மலைப்பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழும் திபெத்தியர், ஆண்டிஸ் மலை மக்கள் ஆகியோரின் குழந்தைகளுக்கு, அதே உயரத்தில் குடியேறிய பிற மக்களின் குழந்தைகளுக்கு ஏற்படும் அளவு எடைக் குறைவு ஏற்படுவதில்லை. நீண்ட காலத் தகவமைப்பு அங்கே வேலை செய்கிறது. ஆகவே மரபின் பங்கை மறுக்காமலும் அதை மிகைப்படுத்தாமலும் நடப்பதே முறை. நீளத்துக்கும் தலைச்சுற்றளவுக்கும் உலகப் பொதுத் தரநிலையைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்றே சான்றுகள் காட்டுகின்றன. எடைக்கும் பொதுத் தரநிலையைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஆனால் கோட்டுக்குக் கீழே விழும் குழந்தையைக் கண்டால், தாயின் உயரத்தையும் மற்ற இரு அளவுகளையும் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. இனக்குழுவுக்கென்று தாழ்த்தி வரைந்த கோடு, உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்ணில் படாமல் செய்துவிடும் ஆபத்து, சில நலமான குழந்தைகளைக் கூடுதலாகச் சோதிப்பதைவிடப் பெரியது.

கோட்டை எங்கே வரைகிறோம் என்பது ஒரு நெருக்கடியில் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதைப் பிரேசில் கண்டது. 2015-இன் இறுதியில் ஜிகா தொற்று பரவி, சிறுதலைக் குறைபாட்டுடன் குழந்தைகள் பிறப்பது கவனத்துக்கு வந்தபோது, நிறைமாதக் குழந்தைக்கு 33 செ.மீ. என்ற தலைச்சுற்றளவு முதலில் எல்லையாக வைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் தரநிலைப்படி பெண் குழந்தைகளின் இடைநிலையே 33.9 செ.மீ. என்பதால், நலமான குழந்தைகள் பலரும் ஐயத்துக்குரியவர்களின் பட்டியலில் சேர்ந்தார்கள். எல்லை முதலில் 32 செ.மீ.க்கு இறக்கப்பட்டது, பின்னர் 2016-இல், ஆணுக்கு 31.9 செ.மீ., பெண்ணுக்கு 31.5 செ.மீ. என்று பாலினவாரியாக மாற்றப்பட்டது. ஒரு சென்டிமீட்டர் மாற்றத்துக்குப் பின்னால் எத்தனை தாய்மார்களின் உறக்கம் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அளவுகோலைப் பற்றிய விவாதம் ஏட்டளவிலானதன்று என்பது விளங்கும்.

அளக்கும் கையின் துல்லியம்

வரைபடம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அதில் வைக்கும் புள்ளி தவறாக இருந்தால் பயனில்லை. எடையை, பிறந்த முதல் 12 மணி நேரத்துக்குள், ஆடையின்றி, 10 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் பார்ப்பது நல்லது. நலமான குழந்தைகூட முதல் சில நாட்களில் தன் எடையில் 7 முதல் 10 விழுக்காடு வரை இழக்கக்கூடும் என்பதால், மூன்றாம் நாள் பார்த்த எடையைப் பிறப்பு எடை வரைபடத்தில் வைப்பது தவறு. எண்களை முழுமையாக்கி எழுதும் பழக்கமும் கேடு செய்கிறது. 2,480 கிராம் இருந்த குழந்தையை 2,500 என்று எழுதிவிட்டால், கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய குழந்தை மேலே ஏறிவிடுகிறது. பல நாடுகளின் பதிவேடுகளில் 2,500 என்ற எண்ணில் பதிவுகள் இயல்புக்கு மாறாகக் குவிந்து கிடக்கின்றன.

மூன்று அளவுகளிலும் மிகக் கடினமானது நீளம். பிறந்த குழந்தையின் கால்கள் கருவில் இருந்தபடியே மடங்கி நிற்கும். நாடாவைப் படுக்கையில் விரித்து அளந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிழை வருவது இயல்பு. இதற்கென்றே உள்ள இன்ஃபேன்டோமீட்டர் என்ற பலகையில் இரண்டு பேர் சேர்ந்து அளக்க வேண்டும். ஒருவர் குழந்தையின் உச்சி நிலையான தலைப்பலகையைத் தொடும்படி, முகம் நேராக மேலே பார்க்கும்படி தலையைப் பிடித்துக்கொள்கிறார். மற்றவர் முழங்கால்களை மெல்ல அழுத்திக் கால்களை நீட்டி, பாதங்கள் செங்குத்தாக இருக்கையில் நகரும் பலகையைக் குதிகால்களோடு சேர்த்து அளவைப் படிக்கிறார். தரநிலைகளை உருவாக்கிய ஆய்வுகளில் பயிற்சி பெற்ற இருவர் ஒருவர் அளவை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே அளந்தார்கள். நீளத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல், தலைச்சுற்றளவில் 5 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மீண்டும் அளந்தார்கள்.

தலைச்சுற்றளவுக்கு நீளாத நாடா வேண்டும். அது நெற்றியில் புருவங்களுக்குச் சற்று மேலாகவும் பின்னே தலை மிகவும் புடைத்திருக்கும் இடத்தின் மீதும் செல்ல வேண்டும். பிரசவத்தின்போது தலை அழுந்தி நீண்டோ வீங்கியோ இருந்தால், ஓரிரு நாட்கள் கழித்து மீண்டும் அளந்து பார்ப்பது முறை.

நீளத்தைச் சரியாக அளப்பதன் பயன் எடையோடு சேர்த்துப் பார்க்கும்போது தெரியும். எடையைக் கிராமில் எடுத்து நூறால் பெருக்கி, சென்டிமீட்டரில் உள்ள நீளத்தின் மும்மடியால் வகுத்தால் பாண்டரல் குறியீடு கிடைக்கும். 2,500 கிராம் எடையும் 46 செ.மீ. நீளமும் உள்ள நிறைமாதக் குழந்தைக்கு இது ஏறத்தாழ 2.57, அதே எடையுடன் 50 செ.மீ. நீளமுள்ள குழந்தைக்கு 2.0. முதல் குழந்தை எல்லா அளவிலும் ஒருசேரச் சிறியது: தாயும் தந்தையும் உயரம் குறைந்தவர்களாக இருக்கலாம், அல்லது கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே வளர்ச்சி பாதிக்கப்பட்டிருக்கலாம். இரண்டாவது குழந்தை நீண்டு மெலிந்தது: எலும்பு வளர்ந்துவிட்டது, கடைசி வாரங்களில் சதையும் கொழுப்பும் சேரவில்லை. மும்மடி எடுப்பதால் நீளத்தில் நேரும் ஒரு சென்டிமீட்டர் பிழை இந்தக் குறியீட்டை ஏறத்தாழ 6 விழுக்காடு மாற்றிவிடும்.

கர்ப்ப வாரம் தவறானால் மற்றவை எல்லாம் தவறாகும். கடைசி மாதவிலக்கு நாளை மட்டும் நம்புவதைவிட, 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனில் கருவின் உச்சி முதல் பிட்டம் வரையிலான நீளத்தைக் கொண்டு கணக்கிடுவது நம்பகமானது. இரண்டு வாரப் பிழை ஒரு குழந்தையை ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாகத் தள்ளிவிடும்.

குறைமாதக் குழந்தைகளுக்கு ஃபென்டன் வரைபடமும் பல இடங்களில் பயன்படுகிறது. அதன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு ஜெர்மனி, அமெரிக்கா, இத்தாலி, ஆஸ்திரேலியா, ஸ்காட்லாந்து, கனடா ஆகியவற்றில் பிறந்த ஏறத்தாழ 40 லட்சம் குழந்தைகளின் அளவுகளைத் தொகுத்தது. ஆகவே பிறப்பு அளவுகளைப் பொறுத்தவரை அது ஒப்பீட்டு வகையைச் சேர்ந்தது, தரநிலை வகையைச் சேர்ந்ததன்று. கர்ப்பத் தொடக்கத்திலிருந்து எண்ணும் 50-ஆம் வாரத்தில் அது உலக சுகாதார நிறுவனத்தின் தரநிலையோடு இணைகிறது. இன்டர்குரோத்-21 திட்டம் குறைமாதக் குழந்தைகளின் பிந்தைய வளர்ச்சிக்கென்று தந்த தனித் தரநிலை 64-ஆம் வாரம் வரை செல்கிறது. அதன்பின் உலக சுகாதார நிறுவனத்தின் தரநிலைக்கு மாறிக்கொள்ளலாம். ஒரே குழந்தையை ஒரு மாதம் ஒரு வரைபடத்திலும் மறுமாதம் வேறொன்றிலும் வைத்தால், குழந்தை ஒழுங்காக வளர்ந்தாலும் நூற்றுமானம் ஏறி இறங்குவதுபோலத் தோன்றும். எனவே பதிவேட்டில் அளவுக்குப் பக்கத்திலேயே எந்த வரைபடம், எத்தனை வாரம், எந்த நாளில் அளந்தது என்ற மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். பெற்றோரும் வேறு மருத்துவரிடம் செல்லும்போது நூற்றுமானத்தை மட்டும் சொல்லாமல், அளந்த எண்களையே எடுத்துச் செல்வது நல்லது.